வாடகைச் சீட்டில் இல்லாதது

கையெழுத்துப் போடும் முன் ஐந்து நிமிடம் கொடு, ஒஸ்மோ.
கல்யாண மாப்பிள்ளைக்கு அவசரம் இருக்கும்.
சக்கரத்தின்மேல் நிற்கும் என் சவுனாவுக்கு இல்லை.

சுவர் ஊசியிலை மரம், கூரை தகரம்,
உள்ளே இரும்பு அடுப்பு, அதன்மேல் அறுபது கிலோ கல்.
கல்லை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கிளம்பாதே.
அடுப்பு பின்சுவரோரம். வால் கனத்தால்
எழுபதில் வாலாட்டத் தொடங்கும்,
எண்பதில் உன் காரையும் சேர்த்து ஆட்டும்.
அப்போது பிரேக்கை மிதிக்கக் கால் துடிக்கும். மிதிக்காதே.
ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு,
ஸ்டியரிங்கை நேராகப் பிடி,
அது ஆடி ஓயும்வரை மாமியாரிடம் இருப்பதுபோல் இரு.

கற்களை இந்த இரண்டு பெட்டிகளில் அள்ளி
அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வை.
பீரும் அங்கேதான்.
கொஞ்சம் என்றேன். மூக்கின்மேலே குவித்தால்
உன் காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும்,
முன்சக்கரம் சாலையை மறந்துவிடும்.
குளியலறைத் தராசை மூக்குக்கு அடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன்:
எழுபத்திரண்டு.
போன வருடம் என் எடையும் அதுதான்.

குண்டின்மேல் கிண்ணம் இறங்கியது. டக் என்றது.
நீ நிமிர்ந்துவிட்டாய்.
எல்லோரும் அந்த இடத்தில்தான் நிமிர்கிறார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்பு, நடுக்கோடை விழாவுக்கு முதல் நாள்,
இதே முற்றம்.
ஒரு கை கொக்கியில், ஒரு கை இடுப்பில்,
வாய் முழுக்க தவுனோவுக்குச் சொல்ல வேண்டியது.
டக் என்று கேட்டது.
கொக்கியா,
தவுனோ அறைந்து சாத்திய கார்க் கதவா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அவன் ஒரு பக்கம் போனான்.
நான் குஹ்மோ சாலையில், ரேடியோ அலற,
சொல்லாமல் விட்ட வாக்கியங்களைச்
சொல்லிக்கொண்டே போனேன்.
கார் திடீரென்று லேசானது.
அழுது முடித்ததால் என்று நினைத்தேன்.

மூன்று கிலோமீட்டர் கழித்துத்தான் கண்ணாடியைப் பார்த்தேன்:
பின்னால் சாலை மட்டும்.

இந்த மெல்லிய கம்பியைப் பார், சிவப்பு உறை போட்டது.
கொக்கி கழன்றால் முதலில் பிரேக்கை இழுக்கும்,
அதன்பிறகே அறும்.
வரிசை மாறினால் அதற்கு வேலையே இல்லை.
அன்று கை பழக்கத்தில் இதை மட்டும் மாட்டியிருந்தது.
மனசு எங்கே இருந்தால் என்ன, கை மாட்டியிருந்தது.

திரும்பிப் போனால், ஏற்றத்தின் நடுவே
கோபித்துக்கொண்ட பசுவைப்போல் சவுனா.
அதன் பின்னால் ஒரு மரலாரி.
முக்கோணத்தைச் சாலையில் நிறுத்திவைத்துவிட்டு
பிளாஸ்க் மூடியில் காபி குடித்துக்கொண்டிருந்தாள் ஓட்டுநர்,
எய்ஜா என்று சட்டையில் தைத்திருந்தது.
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"சூடேற இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்றாள்.
இருவரும் முட்டி போட்டு உள்ளே உருண்ட கற்களைப் பொறுக்கினோம்.

தவுனோ திரும்பி வந்தானா என்று கேட்காதே.
நீ கல்யாண மாப்பிள்ளை.

முன்கால் கைப்பிடியைச் சுழற்று, மூக்கைத் தூக்கு.
மூக்கு மட்டும் எழுந்தால் அந்த டக் பொய்.
இன்னும் சுற்று. இன்னும்.
அதோ, உன் காரின் பின்பக்கமும் கூடவே எழுகிறது,
ஒரு விரல் அளவு.
போதும், இறக்கு. முன்காலை முழுக்க மேலே ஏற்றிப் பூட்டு.
கம்பியை மாட்டு. விளக்கு வயரைச் செருகு,
இடது இண்டிகேட்டர், வலது, பிரேக்; நான் பின்னால் நின்று பார்க்கிறேன்.

ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதா? எடுக்காதே.
இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும்,
அதைக் கற்க இந்த வாரம் உனக்கு நல்ல வாரமில்லை.
ஏரிக்கரையில் கழற்றி நாலு பேர் தள்ளுங்கள்.

இங்கே கையெழுத்து.
திங்கட்கிழமை பத்து மணிக்குள்,
சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு.